மூடாத அடி

மேல் டிவிசன்,
றக்வான.
12.01.2025

அன்புத் தம்பி சதீஸுக்கு,

அக்கா சுதர்ஷினி எழுதுகிறேன். நீ கட்டாருக்குப் போன மாதம் இருந்த அதே குளிர் இங்கே திரும்பி வந்திருக்கிறது. மற்றபடி எல்லோரும் சுகம். உன் மச்சான் பலாங்கொடை பஸ்ஸோடு பஸ்ஸாக ஓடிக்கொண்டிருக்கிறார். பொங்கலுக்கு முன் இது உன் கைக்கு வராது, ஆனாலும் பொங்கல் வாழ்த்து. அங்கே பானை இல்லாவிட்டாலும் றைஸ் குக்கர் இருக்குமே, அதில் பொங்கட்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். எழுதினால் நீயும் எழுதித்தான் ஆகவேண்டும். பள்ளிக்கூட டீச்சரின் தந்திரம்.

விசயம் இதுதான். உன் மருமகள் பாட்டுக்காரி ஆகிவிட்டாள். நுஹ்மான் நானாவின் ஹாட்வெயார் கடையில் ஷாமிளா கணக்குப் பார்க்கிறாள் என்று உனக்குத் தெரியும். அவருடைய மகன் றிப்தி கிட்டார் வாசிக்கிறான். டவுனில் இருந்து தினுக என்றொரு சிங்களப் பையன், ட்ரம்ஸ். மூன்று பேரும் கடைக்குப் பின்னால் சீமெந்து மூட்டைகளுக்கு நடுவே பழகுகிறார்கள். பேண்டுக்குப் பெயர் 'பெரட்டு'. காலையில் மலைக்குப் போகுமுன் வரிசையாய் நின்று பேர் கொடுக்கிறோமே, அதே பெரட்டுதான்.

இது இவர்களோடு நிற்கவில்லை. பலாங்கொடை, இரத்தினபுரி, மாவனல்லைப் பக்கம்கூட இப்படிக் குழுக்கள் முளைத்துவிட்டன. தப்பு, உருமி, காமன் கூத்துப் பாட்டு, அதோடு கிட்டார். நம் லயத்து வீடுகளை வைத்து 'லயத்து ரொக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சிங்களப் பிள்ளைகள் அர்த்தம் தெரியாமலே கூடப் பாடுகிறார்கள். தப்புச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திய வீடுகளில் இப்போது அதையே சத்தமாகப் போடுகிறார்கள். எனக்குச் சிரிப்பும் வருகிறது, சந்தோசமாகவும் இருக்கிறது.

அம்மா வீட்டுப் பரணில் நீ தொங்கவிட்டுப்போன தப்பை ஷாமிளா எடுத்துவிட்டாள். எடுத்த பிறகுதான் என்னிடம் கேட்டாள். "மாமா ஒண்ணும் சொல்ல மாட்டாரும்மா" என்றாள். அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்தெடுத்த வெள்ளையம்மா அக்கா, அவள் தப்போடு நடப்பதைப் பார்த்துவிட்டு, "ஏன் டீச்சர், பொம்பளப்புள்ள அடிச்சா சாமி வருமா, இல்ல பயந்து ஓடிருமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, "எங்கடி, ஒண்ணு அடி பாப்பம்" என்று சேலையைச் செருகிக்கொண்டு ஆடியும் காட்டினார்.

தோட்டத்திலேயே நல்ல தப்புக்காரன் நீ. லீவில் வந்தால் அவளோடு சேர்ந்து அடிப்பாயா? இதற்கு மட்டும் பதில் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
சுதர்ஷினி

*

தோஹா
09.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சதீஸ் வணக்கத்தோடு எழுதுவது. நான் சுகம். சாப்பாட்டுக்குக் குறையில்லை. உங்களுக்கும் மச்சானுக்கும் ஷாமிளாவுக்கும் ஒரு நோவும் வராமல் மாரியம்மா பார்த்துக்கொள்ள வேண்டும்.

தப்பை எடுத்தது நல்லது. சும்மா தொங்கினால் பூச்சி அரித்துவிடும். அடுப்பில் காட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய பேப்பரைக் கொளுத்தி, நெருப்புக்கு மேலே பிடிக்காமல் பக்கத்தில் பிடித்துத் திருப்ப வேண்டும். தோல் 'டங்' என்று சொன்னால் போதும். மழையில் எடுக்கக் கூடாது. குச்சி இரண்டும் பரணின் மூலையில் துணியில் சுற்றியிருக்கும்.

சாமி அடி, கூத்து அடி, பெரட்டு அடி எல்லாம் அவளுக்குத் தெரியும். சின்னதில் இருந்து என் பக்கத்திலேயே நின்றவள். அது போதும்.

நான் அடிப்பேனா என்று கேட்டிருந்தீர்கள். பெயின்ட் வேலையில் கை மரத்துப் போகிறது அக்கா.

மச்சானுக்கு என் விசாரிப்பு.

தம்பி
சதீஸ்

*

றக்வான
16.03.2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இருமலும் தடிமனும் ஒரு சுற்று வந்து போய்விட்டன, இப்போது நலம். நீ எழுதிய பக்குவத்தை ஷாமிளா மனப்பாடம் செய்துவிட்டாள். பேப்பர் கொளுத்தும்போது மந்திரம் மாதிரிச் சொல்கிறாள். உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

பாட்டு வந்துவிட்டது! 'பேரு கூப்புடு' என்று பெயர். ஷாமிளா உன் போனுக்கும் அனுப்பியிருக்கிறாள். கங்காணி பேர் கூப்பிட, ஒவ்வொருத்தியாய் "வந்தேன்" என்று சொல்கிற மாதிரிப் பாட்டு. கூப்பிடுகிறவளும் அவளே, வருகிறவளும் அவளே. கடைசியில் ஒரு பேரைக் கூப்பிடப்போவது போல வாயெடுத்து நிறுத்திவிடுகிறாள். அந்த இடத்தில் தப்பு மட்டும் பேசுகிறது. அது ஒரு ஸ்டைல் போல.

தொடக்கத்தில் தகரத்தில் யாரோ தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அதே கணக்கில் இவள் தப்பை எடுத்துக்கொள்கிறாள், பிறகு கிட்டார் பாய்கிறது. "என்னடி தகரச் சத்தம்?" என்றேன். "பழைய சவுண்டும்மா" என்றாள். றிப்தி என் முகத்தைப் பார்க்காமல் கிட்டாரைத் துடைத்தான்.

றக்வான டவுனில் எந்தத் திரீவீலில் ஏறினாலும் இதுதான். நுஹ்மான் நானா மட்டும் கடையில் போடுவதில்லை. "யாவாரம் நடக்கிற எடத்துல காலு ஆடுது டீச்சர், கணக்குப் பிசகுது" என்கிறார். ஆனால் அவர் கடையைப் பூட்டும்போது அதே பாட்டை முணுமுணுத்ததை நான் கேட்டேன்.

கேட்டுவிட்டு எழுது. அடியில் பிழை இருந்தால் உன்னைத் தவிர யார் சொல்வார்கள்?

அன்புடன் அக்கா

*

றக்வான
27.04.2025

அன்புத் தம்பிக்கு,

புதுவருசமும் போய்விட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. போனில் கேட்டால் லைன் சரியில்லை என்கிறாய். நீ சுகமாக இருந்தால் சரி. நாங்கள் சுகம்தான். ஆனால் இங்கே ஒரு கூத்து நடந்துவிட்டது.

போன சனிக்கிழமை பிள்ளைகள் பாட்டுக்கு வீடியோ எடுக்க வந்தார்கள். எங்கேயோ இரவல் வாங்கிய பெரிய ஸ்பீக்கரை அம்மா வீட்டு வாசல்படியில் வைத்தார்கள். அந்த வீடு பூட்டியே கிடப்பதால் யாருக்கும் தொந்தரவில்லை என்று நினைத்தேன். பாட்டைப் போட்டதும் லயமே அதிர்ந்தது. பிள்ளைக்காம்பராவில் தாய்மார் விட்டுப்போன குஞ்சுகளெல்லாம் ஓடிவந்து ஆடின. பக்கத்தில் நின்றால் அது ஆட்டப் பாட்டுத்தான். ஆனால் மேல் மலைக்கு அது எப்படிக் கேட்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. கிட்டாரும் சொல்லும் பாதி வழியில் தேயிலைக்குள் விழுந்துவிட்டன. மலைக்கு ஏறிப்போனது தப்பு மட்டும். அதுவும் என்ன அடி தெரியுமா? சாவுக்குத் திறக்கிற அடி.

எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. றிப்தி வேகத்தைக் கூட்டியிருந்தான், கிட்டார் மேலே உட்கார்ந்திருந்தது. அடையாளம் தெரியவில்லை.

அந்த அடி கேட்டால் மலையில் ஒருத்தியும் நிற்க மாட்டாள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? தொரையே கூப்பிட்டாலும் நிற்க மாட்டாள். இடுப்புப் படங்குச் சாக்கை அவிழ்த்து, சாவு வீட்டு அடுப்புக்கென்று வழியில் ஆளுக்கொரு விறகு பொறுக்கிக்கொண்டு, அத்தனை பேரும் இறங்கி வந்துவிட்டார்கள். கங்காணி பின்னால் கத்திக்கொண்டு வருகிறார். தினுகவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆட வருகிறார்கள் என்று நினைத்து, "ஆன்ட்டி, மரு! மரு!" என்று சிங்களத்தில் மெச்சிக்கொண்டு போனைத் திருப்பிப் படம் எடுக்கிறான்.

முன்னால் வந்தது வெள்ளையம்மா அக்கா. மூச்சு வாங்குகிறது. "யாரு? யாருடி போனது?" என்றார். ஸ்பீக்கரைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். விறகைப் பொத்தென்று போட்டுவிட்டு, "அடி சண்டாளி ஷாமிளா, ஆள் சாகாமலே எங்கள எறக்கிட்டியேடி" என்று படியில் உட்கார்ந்தார். சிரித்தாரா அழுதாரா, தெரியவில்லை. சிலர் சிரித்தார்கள். பலர் சிரிக்கவில்லை.

சாவுக்கென்று எடுத்துவந்த விறகைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது என்பதால் எல்லாம் அம்மா வீட்டு வாசலிலேயே குவிந்து கிடக்கிறது. தொடவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

கோயில் கமிட்டி கூடப்போகிறது. அந்த அடியை மட்டும் எடுத்துவிடு என்று ஷாமிளாவிடம் சொன்னேன். "மாட்டேன்" என்கிறாள். காரணம் கேட்டால் வாயை மூடிக்கொள்கிறாள். உன்னைப் போலவே.

உடனே எழுது.

அக்கா

*

தோஹா
14.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. மத்தியானத்தில் ஏணி சுடுகிறது. அறையில் புதிதாக ஒரு நேபாளப் பையன் வந்திருக்கிறான், பருப்பு நன்றாகச் சமைக்கிறான்.

பாட்டு கேட்டேன். நன்றாக இருக்கிறது. அடியில் பிழை இல்லை.

ஷாமிளாவைத் திட்ட வேண்டாம்.

தம்பி
சதீஸ்

*

றக்வான
08.06.2025

அன்புத் தம்பிக்கு,

ஒரு பக்கம்கூட நிறையாத உன் கடிதத்தைப் பலமுறை திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஏதாவது இருக்குமோ என்று. ஏணி சுடுகிறது என்று எழுதியிருக்கிறாய். கையில் துணி சுற்றிக்கொள். எனக்கு வேறென்ன சொல்லத் தெரியும்.

கமிட்டி கூடியது. தலைவர் அழகமுத்து அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னார்: "புள்ள அடிச்சதுக்குக் கோவம் இல்ல டீச்சர். நல்லாத்தான் அடிக்குது. ஆனா தெறந்தா மூடணும். மண்ணு போட்டு முடிச்சதும் மூடுற அடி ஒண்ணு இருக்கில்ல? அது இந்தப் பாட்டுல இல்ல. தெறந்த அடி மூடாமச் சுத்திக்கிட்டுக் கெடந்தா, அடுத்து யாரு வீட்டுக் கதவுன்னு சனம் பயப்படுது."

ஷாமிளா எழுந்து நின்றாள். "அதத் தெறந்தது நான் இல்ல தலைவர்."

"அப்ப யாரும்மா?"

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"யாரு தெறந்தாங்களோ அவங்கதான் மூடணும். அதுவரைக்கும் இந்தத் தோட்டத்துல அந்தப் பாட்டு வேணாம்" என்று முடித்துவிட்டார். ஆடித் திருவிழா மேடையும் இல்லை. இரத்தினபுரியில் பிள்ளைகள் மேடையேறினால் கூட்டம் கூடவே பாடுகிறது. சொந்த லயத்தில் போனில் கேட்பதற்கும் காதுக்குள் செருகிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஷாமிளா வெளியே காட்டிக்கொள்ளவில்லை. கடைக்குப் போகிறாள், வருகிறாள், சாப்பாட்டைப் பாதியில் வைக்கிறாள். "நம்ம சனத்துக்கு முன்னால ஒருக்காவாவது அடிக்கணும்மா, அதுக்குத்தான் அந்தப் பாட்டே" என்று நேற்றுச் சொன்னாள். அதைக் கேட்டபிறகு எனக்கும் சோறு இறங்கவில்லை.

தம்பி, நீ தாய்மாமன். நான் சொன்னால் கேட்காதவள் நீ சொன்னால் கேட்பாள். அந்த அடியை எடுத்துவிடச் சொல். இல்லை, அது ஏன் இருக்க வேண்டும் என்று உனக்குத் தெரிந்திருந்தால் எனக்குச் சொல். நீ "பிழை இல்லை" என்று எழுதிய விதத்தில் ஏதோ இருக்கிறது. நான் பிள்ளைகளின் விடைத்தாள் திருத்துகிறவள். எழுதாமல் விட்ட இடம் எனக்குத் தெரியும்.

அம்மா வீட்டு வாசலில் விறகு மழையில் நனைகிறது.

அக்கா

*

தோஹா
29.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்கும் நேரத்தில் இந்தக் கடிதம் வந்து சேர வேண்டும். ஊருக்கு வரும் நுஹ்மான் நானாவின் தம்பி சாலியிடம் கொடுத்துவிடுகிறேன்.

நேராகச் சொல்கிறேன். அந்தத் தகரத்தில் தட்டியது நான்.

கொரோனா வருசத்தில் அம்மா போன அன்று நீங்கள் சிகிச்சை நிலையத்தில் இருந்தீர்கள். மச்சானும் அங்கேதான். ஷாமிளா எங்களோடு அம்மா வீட்டில் இருந்தாள். லயத்தைக் கயிறு கட்டி மூடியிருந்தார்கள். காலையில் அம்மாவின் மூச்சு நின்றது. வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் வந்தார்கள். அவர்கள் மேல் குறையில்லை, அவர்களும் பயத்தோடுதான் தூக்கினார்கள். அழகமுத்து அண்ணன் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று தலையில் அடித்துக்கொண்டார். மலையில் வெள்ளையம்மா அக்காவும் மற்றவர்களும் வரிசையாய் நிற்பது தெரிந்தது. யாரும் இறங்கக் கூடாது. தப்பு அடிக்கக் கூடாது.

இந்தத் தோட்டத்தில் எத்தனையோ சாவுக்கு நான் அடித்திருக்கிறேன். பெற்ற தாய்க்கு மகன் அடிக்கிற வழக்கம் இல்லை, கீழ் டிவிசனில் இருந்து ஆள் வரவேண்டும். அவர்களும் வர முடியாது. வேன் கிளம்பியது. நான் குசினிக்குள் போய் உட்கார்ந்தேன். பிஸ்கட் தகரம் ஒன்று கிடந்தது. அதில் விரலால் அந்த அடியைத் திறந்தேன். சத்தம் வெளியே போகவும் கூடாது, போகவும் வேண்டும் என்று இருந்தது. வேன் வளைவில் திரும்பும்வரை தட்டினேன்.

மூடவில்லை. பலாங்கொடையில் எரித்து முடிந்துவிட்டது என்று மறுநாள்தான் போன் வந்தது. எந்த நேரம், எப்படி, ஒன்றும் தெரியாது. ஒரு பிடி மண்ணும் விழாமல் எதை வைத்து மூடுவது?

ஒன்றைத் திறந்துவிட்டு மூடாமல் இன்னொன்றைத் திறக்க முடியாது அக்கா. பிறகு அழகமுத்து அண்ணனின் தம்பி இறந்தபோது கூப்பிட்டார்கள். கை சுளுக்கு என்று சொன்னேன். அடுத்த மாதமே பாஸ்போட்டுக்குக் கொடுத்தேன். சம்பளத்துக்காகப் போகிறேன் என்று உங்களிடம் சொன்னேன். அதுவும் உண்மைதான்.

ஷாமிளா கையில் ஒன்லைன் கிளாஸ் போன் இருந்தது. அவள் பதிந்தாள் என்று எனக்குத் தெரியாது. அவள் அனுப்பியிருந்த பாட்டை வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது கேட்டேன். முதல் தட்டிலேயே தெரிந்துவிட்டது. அந்தத் தகரத்தின் ஒரு மூலை நசுங்கியிருக்கும், அங்கே விரல் பட்டால் சத்தம் மாறும். இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வெகுதூரம் போய்விட்டேன்.

எப்படி எழுதுவது என்று தெரியாமல் பருப்பைப் பற்றி எழுதினேன்.

தம்பி
சதீஸ்

*

றக்வான
20.07.2025

என் தம்பிக்கு,

சாலி கொண்டுவந்து தந்தார். இந்தக் கடிதத்தை மட்டும் ஷாமிளா போனில் படம் பிடித்து அனுப்புகிறாள். தபால் வரைக்கும் என்னால் பொறுக்க முடியாது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மா வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். இத்தனை வருசமாக நான் நினைத்திருந்தது ஒன்று. என் அம்மா இருளாயி, ஒரு சத்தமும் இல்லாமல், ஒரு கோழியைத் தூக்கிப்போவது போலப் போனாள் என்று. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போது நடுவில் அது வரும். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும் சொன்னதில்லை.

இல்லை. அம்மாவுக்கு அடி இருந்திருக்கிறது. நீ இருந்திருக்கிறாய். தகரத்தில் அடித்தால் என்ன, மகன் அடித்தால் என்ன? வளைவு வரைக்கும் கூடப் போயிருக்கிறாய். உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லையடா. தம்பிக்கு அக்கா நன்றி சொல்கிற வழக்கமும் நம்மிடம் இல்லை. ஆனாலும் சொல்கிறேன்.

ஷாமிளாவை உட்கார வைத்துக் கேட்டேன். "மாமா வெளிய சொல்லாதத நான் எப்புடிம்மா சொல்றது? பாட்டாப் போட்டா அவரா சொல்லுவாருன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு, "அந்தப் பதிவுல மாமா அழுததும் இருக்கும்மா. அத மட்டும் வெட்டிட்டேன். அது அவரோடது" என்றாள். இவளுக்கு நான் என்ன பாடம் சொல்லிக் கொடுப்பது? பாட்டின் கடைசியில் அவள் சொல்லாமல் நிறுத்துகிற பேர் யாருடையது என்று இப்போது உனக்கும் தெரியும்.

றிப்திக்கு மட்டும் முதலிலேயே சொல்லியிருக்கிறாள். அவனுடைய உம்மாவைப் பெற்ற உம்மம்மா நூரியாவும் அந்தக் கொரோனாக் காலத்தில் ஜனாஸாத் தொழுகை இல்லாமல் போனவர். "அந்த அடிய எடுக்க வேணாம், அது இல்லாட்டிப் பாட்டே வேணாம்" என்று அவன்தான் பிடிவாதமாக நின்றானாம்.

இன்னொன்று. அன்று மலையில் இருந்து இறங்கி வந்தவர்கள் எங்கே வந்தார்கள்? என் வாசலுக்கு வரவில்லை. அம்மா வீட்டு வாசலுக்கு வந்தார்கள், கையில் விறகோடு. யாரும் ஏமாந்து வரவில்லை தம்பி. அம்மாவுக்குத்தான் வந்தார்கள். கொஞ்சம் பிந்தி வந்தார்கள், அவ்வளவுதான்.

அழகமுத்து அண்ணனிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மீசையைத் தடவிக்கொண்டார். "கை சுளுக்குன்னான், நான் நம்பிட்டேன்" என்றார். "பெத்தவளுக்கு மகன் அடிக்கிற வழக்கம் இல்லதான். அன்னைக்கு எந்த வழக்கந்தான் இருந்துச்சு? தெறந்தவன் மூடட்டும். நான் நிக்கிறேன்."

மூடு தம்பி. ஒரு பிடி மண்ணும் விழவில்லை என்று எழுதியிருந்தாய். அம்மா வீட்டுக் கொல்லையில் ஒரு பிடி மண் நான் போடுகிறேன். நீ அங்கிருந்து அடி.

உன் அக்கா

*

தோஹா
02.08.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். மனமும் சுகம்.

அடியை ஷாமிளாவின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். இங்கே தப்பு இல்லை. காலியான பெயின்ட் வாளியைக் கவிழ்த்து அடித்தேன். வெள்ளிக்கிழமை லீவு, அறையில் எல்லோரும் இருந்தார்கள். என்ன பாட்டு என்று நேபாளப் பையன் கேட்டான். பாட்டில்லை, அம்மா என்றேன். அவன் எழுந்து நின்றுகொண்டான். மற்றவர்களும் நின்றார்கள்.

ஷாமிளா இதை வேகமாக்கக் கூடாது. வெட்டவும் கூடாது. கடைசியில் ஏதாவது கேட்டால் அதுவும் இருக்கட்டும்.

முடித்ததும் கை வலித்தது. நல்ல வலி. வெள்ளையம்மா அக்காவுக்கும் அழகமுத்து அண்ணனுக்கும் றிப்திக்கும் என் வணக்கம்.

தம்பி
சதீஸ்

*

றக்வான
18.08.2025

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். இந்த முறை இதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

திருவிழாவுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டு வாசலில் வைத்தோம். கோயில் மேடையில் அது வேண்டாம் என்று அழகமுத்து அண்ணன் சொன்னார், சரிதான். ஞாயிறு மலையில் வேலை இல்லை. ஆனால் காலையிலேயே வெள்ளையம்மா அக்கா பெண்களைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறுவதைப் பார்த்தேன். "எங்கக்கா போறீங்க?" என்றேன். "எறங்கி வரணும்னா மொதல்ல ஏறணும்ல டீச்சர்" என்றார்.

அதே ஸ்பீக்கர். முதலில் உன் தகரம். பிறகு ஷாமிளா உன் தப்பை எடுத்தாள். மேலே தேயிலைக்கு நடுவே சேலைகள் அசைந்தன. கையில் விறகோடு இறங்கி வந்தார்கள். யாரும் ஓடவில்லை. யாரென்று யாரும் கேட்கவில்லை. தினுக இந்த முறை போனைத் தொடவில்லை, குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்து இருந்தான். நுஹ்மான் நானா கடையைப் பூட்டிவிட்டு வந்து தொப்பியோடு ஓரமாக நின்றார். யாரும் கூப்பிட்டு வரவில்லை, அவராக வந்தார்.

பாட்டின் கடைசியில், எப்போதும் நிறுத்துகிற இடத்தில், ஷாமிளா நிறுத்தவில்லை. "இருளாயி" என்று கூப்பிட்டாள். பிறகு உன் வாளியின் அடி வந்தது. நான் கொல்லையில் ஒரு பிடி மண் போட்டேன். நீ முடித்த பிறகு, யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் வேறு பாசையில் யாரோ ஏதோ சொல்வதும் ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்டன. ஷாமிளா வெட்டவில்லை. பெண்கள் அதைக் கேட்டு அழுதார்கள், நானும் அழுதேன். கரும்பலகை எதுவும் பக்கத்தில் இல்லை.

அழகமுத்து அண்ணன் தப்பை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். "மூடியாச்சு" என்றார். எல்லோரும் பீலித் தண்ணீரில் கைகால் கழுவினார்கள். சித்திரையில் இருந்து நனைந்து காய்ந்து கிடந்த விறகையும் அன்று கொண்டுவந்ததையும் சேர்த்து அடுப்பு மூட்டினோம். சாவு வீட்டு விறகு, அம்மா வீட்டு அடுப்பு. அத்தனை பேருக்கும் பிளேன்டீ ஊற்றினேன். அந்த வீட்டில் புகை வந்து எத்தனை நாள் ஆயிற்று! அம்மாவோடு நடந்த சண்டைகளை ஒவ்வொருத்தியாய்ச் சொல்லிச் சிரித்தார்கள். அம்மா யாருடைய நிரையில் புகுந்து கொழுந்து திருடினாள் என்பதில் இன்னும் தகராறு தீரவில்லை.

புதன்கிழமை திருவிழா மேடையில் பெரட்டு ஏறியது. கவிழ்த்து வைத்த தப்பைக் காய்ச்சி, முதலில் சாமி அடி. அடுத்து கூத்து அடி. றிப்தியின் கிட்டார் கேட்டுக் கோயில் மணிகூட ஆடியிருக்கும். உன் மச்சான் யூனிபோமோடு ஆடினார், அதை வெளியில் சொல்லாதே.

ஒன்றை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தேன், உனக்காகக் கடைசியில். ஞாயிறன்று தேத்தண்ணீர் குடித்து முடித்து, போகிற வழியில் வெள்ளையம்மா அக்கா திரும்பி வந்தார். ஷாமிளாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுச் சொன்னார்:

"இனி அந்தப் பாட்ட நல்லாச் சத்தமாப் போடு புள்ள. மலையில இருந்தா கேட்டுக்கிட்டே கொழுந்தெடுப்போம். எறங்கி வர மாட்டோம்."

தப்பை மறுபடி பரணில் தொங்கவிடவில்லை. அம்மா வீட்டுச் சுவரில், கைக்கு எட்டுகிற உயரத்தில் மாட்டியிருக்கிறேன். உன் உயரம் எனக்குத் தெரியும்.

என்றும் உன்
அக்கா